கொடுமுடிக் குரலும் ஒலியின் ஒழுங்கும்

நுரையீரலினின்று எழும் மூச்சுக்காற்று குரல்வளையில் அதிர்வாக மாறி, தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளில் உருப்பெற்று, இதழைக் கடந்து ஒலியலையாக வெளிப்படும் நிகழ்வே மிடற்றிசை எனப்படும். இதனுள் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. ஆற்றலைத் தருவது மூச்சு. அதிர்வைத் தருவது குரல்நாண். அவ்வதிர்வுக்கு வடிவைத் தருவது மிடறும் வாயும் சேர்ந்த குழல். இம்மூன்றுள் ஒன்று குறையினும் இசை பிறவாது. மூன்றும் தம்முள் இயைந்து நிற்பின், கருவி எதனையும் நாடாமல் ஓர் ஊரையே கேட்கச் செய்யும் ஆற்றல் ஒரு தனி உடலுக்கு வாய்க்கிறது.

தமிழர் இவ்வுண்மையைத் தொன்றுதொட்டே எண்ணிப் பார்த்தனர். தொல்காப்பியர் தம் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வேறுவேறு ஒலிகளாகும் என்று எட்டு உறுப்புகளை எண்ணி வகுத்தார். உந்தி என அவர் சுட்டிய இடத்தில் காற்று இல்லை. ஆயினும் நுரையீரலுக்குக் கீழே விரிந்து கிடக்கும் இடைத்திரை இறங்குவதும் எழுவதும் வயிற்றின் அசைவாகவே புறத்தே தெரிகின்றன. ஆதலின் கண்ணால் கண்டதும் உடலால் உணர்ந்ததும் கொண்டு வரைந்த அவ்விளக்கம் இன்றைய உடலியலோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. ஐரோப்பியர் குரல்வளையின் உள்ளே நோக்கியது மிகப் பிந்திய செய்தி. செருமானிய உடலியலறிஞர் யோகானசு முல்லர் 1839ஆம் ஆண்டளவில் உடலினின்று பிரித்தெடுத்த குரல்வளையில் காற்றை ஊதி ஆய்ந்தார். இசையாசிரியர் மானுவேல் கார்சியா 1854இல், பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் செலுத்தித் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். இயற்பியலறிஞர் எல்மோல்ட்சு 1863இல் வெளியிட்ட பெருநூல் இசையொலியின் இயற்பியலை நிலைநிறுத்தியது. இவை யாவும் மேடைப்பாடகர் குரலை அறிவியலின் பொருளாக்கிய படிகள்.

அத்தகைய குரல் ஒன்று கொங்கு நாட்டில், காவிரியின் கரையில், மகுடேசுவரர் திருக்கோயில் நிற்கும் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தது. கொடுமுடி பாலாம்பாளின் மகள் சுந்தராம்பாள் அன்றைய கோயமுத்தூர் மாவட்டத்தின் வறுமைமிக்க ஒரு குடும்பத்தில் தோன்றி, தமிழிசை நாடகமேடையின் முதல் வரிசைக் கலைஞராய் உயர்ந்து, 1980இல் மறைந்தார். அவர் குரலைத் தெய்வ வரம் என்று போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் அன்பு உண்டு. ஆனால் அது ஆராய்ச்சியின் வாயிலை அடைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. அக்குரல் நெறிக்கு அடங்கியது, அளவுக்கு உட்பட்டது, எந்த நெறிகள் செருமனியின் இசைநாடக அரங்குகளை ஆள்கின்றனவோ அந்நெறிகளே அதனையும் ஆண்டன. ஆனால் அரங்கு வேறாக இருந்தமையால் விடையும் வேறாயிற்று. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அதிர்வைக் காண்போம். குரல்வளைக்குள் குறுக்கே அமைந்த இரு தசைமடிப்புகளே குரல்நாண்கள். அவற்றின் அதிரும் பகுதி பெண்டிர்க்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும் ஆடவர்க்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டரும் நீளமுடையது. மூச்சின் அழுத்தம் மூடிய மடிப்புகளைத் திறக்கிறது. அவற்றின் மீள்தன்மையும் விரைந்து பாயும் காற்றின் அழுத்தக் குறைவும் அவற்றை மீண்டும் மூடச் செய்கின்றன. ஒரு நொடியில் இத்திறப்பும் மூடலும் எத்தனை முறை நிகழ்கின்றனவோ அத்தொகையே அடியதிர்வு. பேசும்பொழுது ஆடவர்க்கு அது நொடிக்கு 100 முதல் 130 வரையும் பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 என்ற அளவிலும் அமையும். அடியதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனப் பல மேலதிர்வுகளும் உடன்பிறக்கின்றன. ஒருவர் குரலையும் மற்றொருவர் குரலையும் நாம் பிரித்தறிவது பெரிதும் இம்மேலதிர்வுகளின் வலிமை வேறுபாட்டினால்தான்.

மேலதிர்வுகள் வலிமை பெறுவதும் குன்றுவதும் இருவழிகளால் நிகழும். குரல்நாண்களுக்கு இடைப்பட்ட திறப்பாகிய குரல்வாய் மெல்ல மூடினால் ஒலி மென்மையுறும். திடுமென மூடி, ஒவ்வோர் அதிர்விலும் மூடிய நிலையில் நீள நின்றால் மேலதிர்வுகள் பெருகி ஒலி ஒளிர்வு கொள்ளும். இது முதல் வழி. மிடற்றுக்குழல் தன் வடிவுக்கேற்பச் சில அதிர்வுகளை ஏற்று வளர்ப்பதும் சிலவற்றைத் தணிப்பதும் இரண்டாம் வழி. குழல் ஏற்று வளர்க்கும் அவ்விடங்களை ஒலிமுகடுகள் என்போம். முதல் இரண்டு முகடுகளின் இருப்பிடமே ஆ என்பதையும் ஈ என்பதையும் ஊ என்பதையும் வேறுவேறு உயிர்களாக்குகிறது. கொங்கு நாட்டார் சுந்தராம்பாளின் குரலை வெண்கலக் குரல் என்றும் கணீரென்ற குரல் என்றும் சொல்வர். வெண்கல மணியில் அடியதிர்வைக் காட்டிலும் மேலதிர்வுகள் ஓங்கி ஒலிப்பதை அறிந்தோர்க்கு இவ்வொப்புமை எத்துணைத் துல்லியமானது என்பது விளங்கும்.

இனி ஆற்றலின் அளவைக் கணக்கிடுவோம். உரக்கப் பாடும் ஒரு வலிய குரல் ஒரு மீட்டர்த் தொலைவில் ஏறத்தாழ 95 டெசிபெல் அளவு ஒலிக்கும் எனக் கொள்வோம். அவ்வொலி எல்லாத் திசையிலும் ஒப்பப் பரவுவதாகக் கருதிக் கணக்கிட்டால், அக்குரல் வெளியிடும் ஒலியாற்றல் ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கே. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். 2, 4, 8, 16, 32 மீட்டர் என ஐந்து முறை இரட்டித்தால் 30 டெசிபெல் இழப்பாகும். 32ஆம் மீட்டரில் அமர்ந்தவர்க்கு 65 டெசிபெல் எஞ்சும். அருகமர்ந்து ஒருவரோடொருவர் பேசும் அளவுக்கு அது போதும். மேடைக்கு முன் 32 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் சதுர மீட்டருக்கு இருவர் அமர்ந்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்கலாம். கை விளக்கையும் ஏற்றப் போதாத அவ்வாற்றல் மூவாயிரவர் செவியை நிறைக்கும்படி நம் செவிகள் நுண்மை வாய்ந்துள்ளன. பாடுவார் அந்நுண்மையை அறிந்து பாடவேண்டும் என்பதே இதில் அடங்கிய கட்டளை.

செவியின் நுண்மையும் எல்லா அதிர்வுக்கும் ஒன்றன்று. புறச்செவியின் துளை ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுடையது. ஒருபுறம் திறந்தும் மறுபுறம் செவிப்பறையால் மூடியும் இருப்பது. அத்தகைய குழல் தன் நீளத்தைப் போல் நான்மடங்கு நீண்ட அலைக்கு ஒத்ததிரும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்வதாகக் கொண்டு வகுத்தால் 3400 என்ற எண் கிடைக்கும். நொடிக்கு 3000 அதிர்வை ஒட்டிய ஒலிகளை நம் செவி பிறவற்றினும் மிகுதியாக ஏற்பது இவ்வமைப்பினால்தான். தொலைவுக்குப் பாட விழைபவர் தம் சிறு ஆற்றலை இப்பகுதியில் ஒருமுகப்படுத்துவாராயின், வலிந்து கத்தாமலே கேட்கப்படுவார்.

செருமனியில் இவ்வுண்மை எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்கு இலில்லி இலேமன் என்னும் பாடகியாரின் வாழ்க்கை நல்ல சான்று. 1848இல் வூர்சுபர்க்கில் பிறந்து 1929இல் மறைந்த அவர், பாடகியாகிய தம் தாயிடமே இசை பயின்றார். 1876இல் பைராய்த்து நகரில் இசையமைப்பாளர் இரிச்சர்டு வாக்னர் எழுப்பிய விழா அரங்கம் திறக்கப்பட்டபொழுது, முதல் நிகழ்ச்சியிலேயே பாடியவருள் அவரும் ஒருவர். பெர்லினிலும் நியூயார்க்கிலும் புகழ்பெற்ற அவர், 1902இல் பாடற்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். பாடுங்கால் தலையிலும் அண்ணத்திலும் நெஞ்சிலும் எழும் அதிர்ச்சியுணர்வுகளை ஒவ்வொரு நிலைக்கும் படம் வரைந்து காட்டிய நூல் அது. அளவுகருவிகள் இல்லாத காலத்தில் தம் உடலையே ஆய்வுக்கூடமாகக் கொண்ட அவ்வம்மையாரின் முயற்சி, எனக்குத் தொல்காப்பியரின் பிறப்பியலை நினைவூட்டுவது.

பைராய்த்து அரங்கில் பாடகரின் எதிரி இசைக்குழுவே. நூற்றுவர் அளவிலான கருவியாளர் ஒருசேர இசைக்கையில், அவ்வொலியின் பேராற்றல் நொடிக்கு 500 அதிர்வை ஒட்டிய பகுதியில் குவிகிறது. அதற்கு மேலே படிப்படியாய்க் குறைகிறது. வாக்னர் இசைக்குழுவை மேடைக்குக் கீழே மறைவான பள்ளத்தில் அமர்த்தி அவ்வொலியைத் தணித்தார். ஏனைய அரங்குகளில் அத்துணையும் இல்லை. அங்கே பாடகர் இத்தடையை வெல்லும் வழியைச் சுவீடன் நாட்டு அறிஞர் யோகான் சுண்ட்பெர்க் 1970களில் அளந்து கண்டார். பயிற்சிபெற்ற ஆண்பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, அதன் மேற்பகுதியைக் குறுக்கி, தொண்டையை அகட்டுவதனால் 3000 அதிர்வை ஒட்டிப் புதியதொரு முகடு எழுகிறது. இசைக்குழுவின் ஒலி மெலிந்த இடமும் செவியின் நுண்மை மிகுந்த இடமும் அதுவே. பெண்பாடகருள் உயர்குரலார் செல்லும் வழி இதனின்று வேறு. அவர்கள் தாடையை அகலத் திறந்து, குழலின் முதல் ஒலிமுகட்டைத் தாம் பாடும் அடியதிர்வின் மேலேயே கொண்டுவந்து நிறுத்துவர். அதனால் ஒலி பன்மடங்கு பெருகும்.

ஆயினும் இவ்வழிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையே நம் ஆய்வின் நடுப்பொருள். ஈகாரத்தின் முதல் முகடு பெண்டிர் குரலில் நொடிக்கு 300 முதல் 400 வரையிலும், ஆகாரத்தின் முதல் முகடு 800 முதல் 900 வரையிலும் அமைகின்றன. ஐரோப்பிய உயர்குரல் பாடகியரின் அடியதிர்வு 1000ஐயும் கடந்து செல்லும். அடியதிர்வே முகட்டைக் கடந்துவிட்ட பின், ஈ என்றும் ஊ என்றும் பிரித்துக் காட்டும் வேறுபாடு குழலில் தங்குவதில்லை. எல்லா உயிரும் ஆகாரத்தின் சாயல் கொள்கின்றன. அங்கே இசை வெல்கிறது, சொல் தோற்கிறது. கேட்போர் நூலை முன்னரே படித்துவந்து அக்குறையை நிரப்பிக்கொள்வர்.

தமிழ் இசைநாடகம் அதனை ஏற்க இயலாது. நாடகாசிரியர் சங்கரதாசு அடிகளார் வகுத்த மேடையில் கதை பாட்டினாலேயே நகர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் நெசவாளரும் ஆயரும் இரவெல்லாம் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் பொருள் கொண்டு கேட்டனர். வள்ளியும் வேலனும் வாதிடும் பாட்டில் ஒரு சொல் சிதைந்தால் அவையோர் முகம் சுளிப்பர். எனவே நம் மேடைக் குரலுக்கு இரு கட்டளைகள் ஒருங்கே விதிக்கப்பட்டன: தொலைவைக் கடக்கவேண்டும், சொல்லையும் காக்கவேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றும் அடியதிர்வின் எல்லை எது என்பதைக் கணக்காலேயே காணலாம். நம் மேடைகளில் ஆர்மோனியத்தின் கட்டையைக் கொண்டு நிலையைக் குறிப்பது வழக்கம். பெண்பாடகர் பலர் கொள்ளும் ஐந்து கட்டை நிலையில் முதல் நரம்பு நொடிக்கு 196 அதிர்வும், மேல்நிலையின் முதல் நரம்பு 392 அதிர்வும், அதற்கு மேல் இளி நரம்பு 587 அதிர்வும் உடையன. இவ்வெல்லைக்குள் ஆகாரமும் ஏகாரமும் ஓகாரமும் தம் முகடுகளைப் பெரிதும் இழப்பதில்லை. ஈகாரமும் ஊகாரமும் மட்டுமே உச்சியில் நெருக்கடி அடைகின்றன. உச்சியில் நின்று நீட்டுங்கால் நம் பாடகர் ஆகாரத்தை விரும்பித் தேர்வது இந்நெருக்கடியைத் தவிர்க்கும் பட்டறிவாகும்.

சுந்தராம்பாள் அவ்வெல்லையின் மேல்விளிம்பு வரை நெஞ்சுக்குரலிலேயே சென்றார். குரல்நாண்கள் தடித்து, முழு ஆழத்தோடும் மோதி மூடும் முறைக்கு நெஞ்சுக்குரல் என்று பெயர். நாண்கள் நீண்டு மெலிந்து, விளிம்புகள் மட்டுமே உராயும் முறை தலைக்குரல். பெரும்பாலார்க்கு ஓர் உயரத்துக்கு மேல் நெஞ்சுக்குரல் நில்லாது, தலைக்குரலுக்கு மாறிவிடும். அவர் பதிவுகளைக் கேட்போர்க்கு அம்மாற்றம் தென்படுவதில்லை. கீழிருந்து மேலேறும் குரல் அதே தடிப்போடும் அதே கூர்மையோடும் ஏறி, உச்சியில் நின்று, சொல்லைச் சொல்லாகவே ஒலிக்கிறது. இம்முறையில் மூச்சின் அழுத்தம் மிகுதியாக வேண்டும்; குரல்வாய் ஒவ்வோர் அதிர்விலும் நெடிது மூடியிருக்கும்; அடியதிர்வைக் காட்டிலும் அதன் இருமடங்கு மேலதிர்வு முதல் முகட்டோடு பொருந்தி ஓங்கும். செருமானிய முறையினர் இதனை உடலுக்குக் கேடு விளைக்கும் என்று அஞ்சி விலக்குவர். அவ்வச்சம் முழுதும் பிழையன்று. தேராதார் இவ்வாறு பாடினால் நாண்களில் கரணை தோன்றும். ஆனால் தேர்ந்தவர் ஒருவர் அறுபது அகவையைக் கடந்தும் இம்முறையில் பாடிக் காட்டினார் என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்ளவேண்டும்.

இப்பயிற்சி அவருக்கு எங்கே வாய்த்தது? இலேமன் தாயின் இசைக்கூடத்தில் பெற்றதைச் சுந்தராம்பாள் தொடர்வண்டியில் பெற்றார். ஈரோட்டினின்று கரூர் வழியே திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. வறுமையின் நெருக்கலால் அவ்வண்டிகளில் பாடி வாழ்ந்த சிறுமியின் குரலை, தொடர்வண்டித் துறை அலுவலரும் நாடகக் கலைஞருமான நடேச ஐயர் கேட்டு மேடைக்கு அழைத்துச் சென்றார் என்பர். ஓடும் பெட்டியின் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வுகளே மேலோங்கி நிற்கும். அவ்விரைச்சலின்மேல் கேட்கவேண்டுமாயின் குரல் உயர்ந்த அதிர்வுகளில் வலிமை பெறவேண்டும். பசித்த பிள்ளை கேட்போர் முகம் திரும்புகிறதா என்பதையே அளவுகோலாகக் கொண்டு இதனைக் கற்றிருக்கும் என்றே நான் கருதுகிறேன். இதைப் பெருமையாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஒரு பிள்ளை அவ்வாறு கற்க நேர்ந்தது நம் குமுகாயத்தின் குறை.

பின்னர் வேலு நாயர் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் தொடங்கி, ஆண் வேடமும் பெண் வேடமும் ஏற்று வளர்ந்தார். 1920களின் நடுவில் கொழும்பு மேடைகளில் அவர் பெற்ற வரவேற்பு பெரிது. அங்கேயே செங்கோட்டை கிட்டப்பாவோடு இணைந்து நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. 1927இல் இருவரும் மணந்தனர். 1906இல் பிறந்த கிட்டப்பா ஆடவர்க்கு அரிய உயர்நிலையில் பாடியவர். அதனால் வள்ளி திருமண நாடகத்தில் இருவரும் ஒரே நிலையில் நின்று மாறிமாறிப் பாட இயன்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பாய் உள்ள அடியதிர்வு வேறுபாட்டால் பிற இணைகளுள் ஒருவர் தாழ்ந்தோ மற்றவர் உயர்ந்தோ பாட நேரும். இங்கு அத்தடை நீங்கியது. 1933ஆம் ஆண்டு திசம்பரில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து அகவையில் கைம்மை எய்திய சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

அம்மேடைகளின் ஒலியியலை இங்கே விரித்துரைப்பது தகும். நம் நூல்களில் இது போதிய இடம் பெறவில்லை. ஐரோப்பிய அரங்கு கல்லாலும் மரத்தாலும் சூழப்பட்டது. சுவர் எதிரொலித்து அனுப்பும் ஒலி நேரொலியோடு சேர்ந்து வலுவூட்டும். பைராய்த்து அரங்கில் ஒலி அடங்க ஒன்றரை நொடி அளவு ஆகிறது. நம் கீற்றுக் கொட்டகை இதற்கு நேர்மாறு. ஓலைக்கூரை ஒலியை விழுங்கும். திறந்த பக்கங்கள் ஒலியை வெளியே விட்டுவிடும். மணல்தரையும் மக்கள்திரளும் எஞ்சியதை உறிஞ்சும். பாடியவர்க்குத் திரும்பி வருவது ஏதுமில்லை. எதிரொலி இன்மையால் ஒலி வலிமை குன்றும். ஆனால் அதே இன்மையால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடுவதில்லை. சொல் தெளிவுக்கு அக்கொட்டகை நன்மையே செய்தது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் போன்ற கட்டடங்கள் அக்காலத்தில் அரியன. ஊர்ப்புறம் முழுதும் கொட்டகையும் வெட்டவெளியுமே.

வெட்டவெளியில் இரவும் ஒரு துணையாயிற்று. பகலில் நிலம் சுட்டு, தரையருகே காற்று வெப்பமாகவும் மேலே தண்மையாகவும் இருக்கும். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் ஒலியின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் மிகும் ஆதலின், பகலில் ஒலியலையின் கீழ்ப்பகுதி முந்திச் செல்ல, அலை மேல்நோக்கி வளைந்து கேட்போர் தலைக்கு மேலே போய்விடுகிறது. தெளிந்த இரவில் நிலம் வெப்பத்தை இழந்து குளிர, தரையருகே தண்காற்றும் அதற்கு மேல் வெப்பக்காற்றும் அடுக்காக நிற்கும். அப்பொழுது அலை கீழ்நோக்கி வளைந்து, உயர்ந்து சென்ற ஒலியையும் மண்ணுக்கே திருப்பித் தருகிறது. மாரியம்மன் நோம்பிகளில் விடியவிடிய நாடகம் நடப்பதும், உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை இரவில் பாடப்படுவதும் உழைப்போரின் ஓய்வுநேரத்தை ஒட்டி எழுந்த வழக்கங்களே; எனினும் அவ்வழக்கம் ஒலியியலோடு இசைந்து நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்குள் பாயும் தென்மேற்குக் காற்றோ இதற்கு ஒரு சோதனை. காற்று வீசும் திசையில் அமர்ந்தார்க்கு ஒலி வளைந்து வந்துசேரும். எதிர்த்திசையில் அமர்ந்தார்க்கு அது மேலெழுந்து மறையும். மேடையை எப்பக்கம் நோக்கி அமைப்பது என்பதில் ஊர்ப்பெரியவர் காட்டும் கருத்துக்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

மின்வழி ஒலிப்பதிவு 1925க்குப் பின் உலகெங்கும் பரவியது. தமிழில் பேசும்படம் 1931இல் தோன்றியது. இவ்விரு மாற்றங்களும் குரலின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தன. ஒலிவாங்கி வந்தபின் பாடகர் தொலைவைக் கடக்கவேண்டியதில்லை. செவியோரம் முணுமுணுத்தாலும் ஊர் கேட்கும். மென்குரல்கள் தலைதூக்கின. சுந்தராம்பாள் தம் மேடைக்குரலை மாற்றிக்கொள்ளவில்லை. 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் அவர் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். தாம் பூண்ட உறுதிக்கும் அவ்வேடம் இசைந்தது. அதற்காக அவர் பெற்ற ஊதியம் ஓர் இலக்கம் உரூபாய். அன்று அது யாரும் எண்ணாத தொகை. செருமானியப் பாடகியார் சுரோடர்-டெவ்ரியன்ட் 1822இல் பீத்தோவனின் பிடெலியோ இசைநாடகத்தில் ஆணுருக் கொண்ட மனைவியாகப் பாடிப் புகழ்பெற்றதையும், பின்னர் வாக்னரின் நாடகத்தில் இளைஞன் வேடம் ஏற்றதையும் இதனோடு வைத்து எண்ணலாம். பெண்குரல் ஆண்பாத்திரத்தைத் தாங்குவதற்கு அடியதிர்வைத் தாழ்த்தவேண்டியதில்லை. மேலதிர்வுகளின் உறுதியே அப்பெருமிதத்தைத் தருகிறது.

மேடைக்குரலின் பயன் நாடகத்தோடு நிற்கவில்லை. விடுதலை இயக்கக் கூட்டங்களில் அவர் பாடிய பாட்டுகள் காங்கிரசுப் பேரியக்கத்தின் செய்தியை ஊர்தோறும் கொண்டு சென்றன. 1951இல் அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமன்றத்துக்குள் அடியெடுத்து வைத்த முதல்வர் அவர் என்பர். 1953இல் செமினி நிறுவனத்தார் வெளியிட்ட ஔவையார், 1964இல் பூம்புகார், 1965இல் திருவிளையாடல், 1969இல் துணைவன், 1973இல் காரைக்கால் அம்மையார் என அவர் குரல் திரையில் தொடர்ந்தது. துணைவனில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான நாட்டு விருதும், 1970இல் தாமரைத்திரு விருதும் அவரை அடைந்தன.

துணைவன் வெளிவந்தபொழுது அவர் அகவை அறுபதை ஒட்டியது. அகவை முதிர முதிரக் குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகி எலும்பாகின்றன, தசைகள் மெலிகின்றன, மாதவிடாய் நின்ற பின் பெண்டிரின் குரல்நாண்கள் சற்றே தடித்து அடியதிர்வு தாழ்கிறது. தலைக்குரலை நம்பிய பாடகியர்க்கு இத்தடிப்பு பேரிழப்பு. நெஞ்சுக்குரலை நம்பியவர்க்கோ தடித்த நாண்களே கருவி. நிலையைச் சிறிது தாழ்த்திக்கொண்டால் குரலின் தன்மை குன்றாது. ஔவை என்னும் முதுமகள் வேடம் அவருக்கு இயல்பாய்ப் பொருந்தியதும் அந்நெஞ்சுக்குரலால்தான். அவ்வேடத்தில் அவர் முதுமையின் நடுக்கத்தைக் குரலில் ஏற்றவில்லை, முதுமையின் திண்மையை ஏற்றினார். இலேமனும் நெடுநாள் பாடியவரே. 1906, 1907ஆம் ஆண்டுகளில், ஐம்பத்தெட்டு அகவையை ஒட்டி, அவர் பதிந்த இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அவை மின்வழி வருவதற்கு முன்னைய ஊதுகொம்புப் பதிவுகள். 3000 அதிர்வை ஒட்டிய ஒலியை அக்கொம்பு செம்மையாகப் பற்றவில்லை. ஆதலின் அவர் அரங்கில் எவ்வாறு ஒலித்தார் என்பதை அத்தட்டுகள் முழுதும் உரைக்கமாட்டா.

இவ்வகையில் நாம் பேறுடையோம். சுந்தராம்பாளின் திரைப்பதிவுகள் மின்வழியில் அமைந்தவை. கோவையில் ஜி. ஆர். தாமோதரனாரின் முயற்சியால் கலைக்கதிர் இதழ் உயர் அறிவியலைத் தமிழில் எழுதலாம் என்று நிறுவிக் காட்டியது. பொறியியல் கல்லூரிகள் அந்நகரைச் சுற்றிப் பெருகியுள்ளன. ஒலியை அதிர்வு வாரியாகப் பிரித்து வரையும் ஒலிநிறமாலைக் கருவி இன்று ஒரு மாணவரின் கணினிக்குள்ளேயே அடங்கும். ஔவையார், திருவிளையாடல், காரைக்கால் அம்மையார் ஆகிய மூன்று படங்களினின்றும், தாளமும் பக்கக்கருவிகளும் ஒதுங்கி நிற்கும் விருத்தப் பகுதிகளைத் தேர்ந்துகொள்ளவேண்டும். உச்சியில் நீண்டு நிற்கும் ஆகாரங்களைத் தனியே பிரித்து, அடியதிர்வையும் அதன் இருமடங்கின் வலிமையையும் 3000 அதிர்வை ஒட்டிய பகுதியின் வலிமையையும் அளக்கவேண்டும். பின்பு அதே உயரத்தில் ஈகாரமும் ஊகாரமும் வரும் இடங்களைத் தேடி, முதல் முகட்டை அவர் எவ்வளவு நகர்த்தினார், எவ்விடத்தில் சொல்லுக்காக ஒலியை விட்டுக்கொடுத்தார் என்பதைக் காணலாம். 1953க்கும் 1973க்கும் இடைப்பட்ட இருபதாண்டில் ஒலிவாங்கிகளும் பதிவுமுறையும் மாறியிருத்தலின், ஒவ்வொரு படத்திலும் உடன்பாடிய பிறர் குரலையும் அவ்வாறே அளந்து, எல்லார்க்கும் பொதுவாய் நேர்ந்த வேறுபாட்டை முதலில் கழித்துவிடவேண்டும். எஞ்சுவது அவர் குரலுக்கே உரிய மாற்றமாகும்.